வாய்த்தகராறு துப்பாக்கி வரை போகாமல் தடுப்பது எப்படி: இளைஞர்களுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது ஷூவை மிதித்துவிட்டான். முன்னாள் காதலியின் போட்டோவுக்கு லைக் போட்டான். வாங்கிய 40 டாலரைத் திருப்பித் தரவில்லை. லைவ் வீடியோவில் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்தான். அமெரிக்க நகரங்களில் பதின்ம வயதினர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட பல சம்பவங்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால், கடைசியில் அகப்படுவது இவ்வளவுதான். சண்டை எந்தக் காலத்திலும் இருந்தது. இப்போது அது நடக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கிறது. 2020 முதல் அந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்த இடத்தில் சாலை விபத்து இருந்தது.

அம்மா, அப்பா, ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், தேவாலயத்தில் இளைஞர் குழுவைப் பார்த்துக்கொள்பவர், முடிதிருத்துபவர், ஒன்றுவிட்ட அண்ணன், அக்கா: இப்படி ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்காக எழுதியது இது. பையன் என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் பெண் என்றும் சேர்த்தே படியுங்கள்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லத்தான் நடுவில் போகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். அதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. முதல் வேலை இரண்டு: நேரத்தை வாங்குவது, பின்வாங்குகிறவனுக்கு மானம் போகாமல் ஒரு வழி விடுவது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

தொடங்கும் முன்: நீங்கள்தான் சரியான ஆளா?

இரவு 11 மணிக்கு நீங்கள் போன் செய்தால், சண்டையில் மாட்டியிருக்கும் பையன் எடுப்பானா? எடுப்பான் என்றால் நீங்கள் பேசலாம். எடுக்க மாட்டான் என்றால், யார் அழைத்தால் எடுப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. மூன்று பேர்களை எழுதுங்கள்: அவன் மதிக்கும் ஒருவர், அவன் பயப்படாமல் உண்மை பேசும் ஒருவர், அந்தத் தெருவின் போக்கு தெரிந்த ஒருவர். மூன்றும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000ஆம் ஆண்டு சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் சீஸ்ஃபயர் திட்டத்தைத் தொடங்கியது இந்த அடிப்படையில்தான். பின்னாளில் க்யூர் வயலன்ஸ் என்று பெயர் மாறிய அந்தத் திட்டத்தில், சண்டையை இடைமறிக்க அதே பகுதியில் வளர்ந்தவர்களை, அந்த வாழ்க்கையை வாழ்ந்து வெளியே வந்தவர்களை வேலைக்கு எடுத்தார்கள். கோட்டுப் போட்டவர் சொன்னால் கேட்காத காது, அவர்கள் சொன்னால் கேட்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு இருக்கிறதா என்று சண்டை வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். நகராட்சி சுகாதாரத் துறையிலோ வன்முறைத் தடுப்பு அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள்.

படி 1: துப்பாக்கி எங்கே இருக்கிறது?

சண்டையின் காரணத்தைக் கேட்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: "உன்கிட்ட இப்ப துப்பாக்கி இருக்கா? வேணும்னா கிடைக்கிற வழி இருக்கா? அவன்கிட்ட இருக்குன்னு நினைக்கிறியா?" இப்படிக் கேட்டால் அந்த யோசனையை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அந்த யோசனை அவனுக்கு ஏற்கெனவே இருக்கும். கேட்பவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று தெரிவதுதான் புதிது.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்வது மூன்று: குண்டு நீக்கியிருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும், குண்டுகளை வேறு இடத்தில் தனியாகப் பூட்ட வேண்டும். நடைமுறையில் இது மூன்று இடத்தில் ஓட்டை விடுகிறது. சாவி அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும். எண்பூட்டின் எண் வீட்டில் யாருடைய பிறந்த நாளாகவோ இருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, "ஒளித்து வைத்திருக்கிறேன், பிள்ளைக்குத் தெரியாது" என்ற நம்பிக்கை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், துப்பாக்கி இருக்குமிடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தங்களுக்குத் தெரியும் என்றார்கள். அதை ஒருநாளும் பிள்ளை தொட்டதில்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள்.

கேபிள் பூட்டு விலை குறைவு. பல காவல் நிலையங்களில் ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கருவி இருந்தால் அதை வெட்டிவிடலாம், துப்பாக்கியையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். தரையிலோ சுவரிலோ திருகாணி போட்டுப் பொருத்திய இரும்புப் பெட்டி அதைவிட நல்லது. வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சண்டை முற்றியிருக்கிறது என்றால் அதுவும் போதாது. சில வாரங்களுக்குத் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியே வையுங்கள். துப்பாக்கிக் கடை, பயிற்சித் திடல், காவல் நிலையம் ஆகியவற்றில் சில இடங்களில் தற்காலிகமாக வைத்துக்கொள்வார்கள். கொலராடோ, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் அப்படிப்பட்ட இடங்களைக் காட்டும் வரைபடமே உண்டு. உறவினரிடம் கொடுப்பதானால் முதலில் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். சில மாநிலங்களில் நாலு நாளைக்குக் கொடுத்து வைக்கக்கூடப் பின்னணிச் சோதனை வேண்டும்.

துப்பாக்கி பெற்றோருடையது அல்ல, பையன் எங்கோ வாங்கியது என்றால் கதை வேறு. 18 வயதுக்குக் கீழுள்ளவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பது, சில விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அவன் "நீங்களே வாங்கி வச்சுக்கோங்க" என்று நீட்டினாலும் தொடாதீர்கள், உங்கள் காரில் ஏற்றாதீர்கள். அது முன்பு எங்கே சுடப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. வழக்கறிஞர் ஒருவரிடமோ வன்முறைத் தடுப்புக் குழுவிடமோ கேட்டால், அதைச் சட்டப்படி ஒப்படைக்க உங்கள் ஊரில் என்ன வழி என்று சொல்வார்கள். அதுவரை உங்கள் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு ராத்திரி அது உன் கைக்கு எட்டாம இருக்க என்ன பண்ணலாம்?"

துப்பாக்கி வெளியே எடுக்கப்பட்டுவிட்டால் சமரசம் அங்கேயே முடிந்தது. பிடுங்கப் போகாதீர்கள், குறுக்கே நிற்காதீர்கள். சுற்றியுள்ளவர்களை நகர்த்திவிட்டு, சுவர் மறைவுக்குப் போய் 911ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். சண்டையில் தோற்ற, எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பிள்ளை துப்பாக்கியை எதிராளி மேல்தான் திருப்பும் என்று எண்ண வேண்டாம். "எனக்கு என்ன ஆனா என்ன" என்ற பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

படி 2: முதல் பேச்சு

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். இங்கே கோட்டை விட்டால் பின்னால் பிடிக்க முடியாது.

தனியாகப் பேசுங்கள். நண்பன் ஒருவன் பக்கத்தில் நின்றால்கூட, அவன் உங்களிடம் பேச மாட்டான். உங்களை வைத்து நண்பனிடம் பேசுவான். எதிரெதிரே உட்காருவது விசாரணை போல இருக்கும். காரில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, நடந்துகொண்டே பேசுவது, கூடைப்பந்துத் திடலின் ஓரப் படிக்கட்டு: கண்ணோடு கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடமாக இருக்கட்டும். சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள். பசியும் தூக்கமின்மையும் கோபத்தைப் பாதி ஏற்றிவிடுகின்றன.

எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்பதை அவன் வாய் திறக்கும் முன்னே சொல்லிவிடுங்கள். "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது சாகப்போறாங்கன்னு தெரிஞ்சா, அதுல நீயா இருந்தாலும் சரி, நான் சும்மா இருக்க மாட்டேன்." ஆசிரியர், ஆலோசகர், மருத்துவப் பணியாளர் போன்றவர்களுக்குச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டிய விஷயங்கள் உண்டு; அவற்றையும் சொல்லுங்கள். எல்லாம் கேட்டுவிட்டு அப்புறம் சொன்னால் அது துரோகம். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் பேச மாட்டார்கள்.

முதல் 20 நிமிடம் அறிவுரை கூடாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தே வைத்துக்கொள்ளுங்கள். "என்ன நடந்துச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்" என்று தொடங்கி, சொன்னபடி குறுக்கே பேசாமல் இருங்கள். அவன் முடித்ததும் அவன் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "அவன் தள்ளினதைவிட, அந்தப் பொண்ணு முன்னாடி வீடியோ எடுத்ததுதான் உன்னை உறுத்துது, இல்லையா?" சரியாகப் பிடித்திருந்தால் அவன் தோள் கொஞ்சம் இறங்கும். தவறாக இருந்தால் அவனே திருத்துவான். இரண்டுமே லாபம்.

பிறகு கேட்க வேண்டியவை:

"அவன் உனக்கு என்ன பண்ணுவான்னு பயப்படுற?" கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் பயம் இருக்கிறது. 'அவன் முந்திக்கொள்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்' என்ற கணக்குதான் பலரைத் துப்பாக்கி எடுக்க வைக்கிறது.

"யார் யார் உன்னைப் பழிவாங்கச் சொல்றாங்க?" உசுப்பேற்றுகிறவர்கள் யார் என்று இங்கே தெரியும்.

"இன்னிக்கு ராத்திரி எங்க இருக்கப்போற? நாளைக்குக் காலைல 10 மணிக்கு எங்க இருக்கணும்?" தேர்வு, வேலை, தங்கையைப் பள்ளியில் விடுவது என்று ஏதாவது ஒன்று வரும். அதை நினைவில் வையுங்கள். பின்னால் அவன் பின்வாங்க அதுதான் காரணமாகப் போகிறது.

சொல்லவே கூடாதவை சில உண்டு. "இதெல்லாம் ஒரு விஷயமா?" அவனுக்கு அது விஷயம்தான், சொன்னவுடன் கதவு சாத்திவிடும். "முதல்ல அமைதியா இரு." யாரும் இதைக் கேட்டு அமைதியானதில்லை. "ஜெயிலுக்குத்தான் போகப் போற." இது அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது தடுப்பதும் இல்லை, சில வட்டங்களில் அது ஒரு பட்டமாகவே போய்விடுகிறது. "அம்மாவை நினைச்சுப் பாரு" என்பது நல்ல வாசகம்தான். ஆனால் முதல் 20 நிமிடத்துக்குள் சொன்னால் வெறும் குற்றச்சாட்டு.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது கை நடுங்கும், பேச்சு வேகமாகும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அப்போது பேச்சு உள்ளே போகாது. எழுந்து நடங்கள். 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடச் சொல்வது வேலை செய்யும். சொல்லிக் கொடுக்காமல் நீங்களே பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

படி 3: நேரத்தை வாங்குங்கள்

"இதை விட்டுடு" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு ராத்திரி மட்டும் எனக்குக் கொடு" என்று கேளுங்கள். முழுதாக விட்டுவிடுவது என்பது அந்த வயதில் தோல்வி. ஒரு ராத்திரியைத் தள்ளிப்போடுவதில் தோல்வி எதுவும் இல்லை. விடிந்ததும் இன்னொரு நாள் கேட்கலாம்.

முதல் 24 மணி நேரத்தில் அவன் தனியாகவும் இருக்கக் கூடாது, உசுப்பேற்றும் கூட்டத்தோடும் இருக்கக் கூடாது. வேறு பகுதியில் இருக்கும் அத்தை வீடு, சித்தப்பா வீடு என்று தங்க வையுங்கள். இடம் மாறுவதால் இரண்டு நன்மை: எதிராளி தேடினாலும் கிடைக்க மாட்டான், இவனுக்கும் "நான் ஊர்லயே இல்ல" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. வழக்கமான பஸ், வழக்கமான கடை, வழக்கமான மூலை மூன்றையும் 72 மணி நேரம் மாற்றுங்கள். பள்ளிக்குப் போவது ஆபத்து என்று தோன்றினால், பள்ளியோடு பேசி வரும் நேரத்தையும் வாசலையும் மாற்றலாம். பேர் சொல்லாமலேயே "பாதுகாப்புக் கவலை இருக்கிறது" என்று சொல்லி ஆரம்பிக்கலாம்.

இந்தக் கட்டத்தில் நண்பர்களில் ஒருவனைப் பிடியுங்கள். நாலு பேர் உசுப்பேற்றினால் அதில் ஒருவனாவது உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பான். அவனைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள்: "நாளைக்கு அவன் உள்ள போயிட்டா, வாராவாரம் பார்க்கப் போறது யாரு? நீயா?" வேடிக்கை பார்க்கிறவர்கள் கலைந்துபோனால் பல சண்டைகளுக்குப் பாதி காரணம் போய்விடுகிறது.

யாராவது ஏற்கெனவே சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்தால், கட்டில் பக்கத்தில்தான் பழிவாங்கும் திட்டம் போடப்படுகிறது. ஓக்லாந்தில் யூத் அலைவ் அமைப்பு 1994இல் தொடங்கிய திட்டம் இதைப் புரிந்துகொண்டு, பழிவாங்கலைப் பேசித் தடுக்க, காயம்பட்டவனின் படுக்கைக்கே ஆளை அனுப்பியது. இன்று பல நகர மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சேர்த்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் அன்றைக்கே கேளுங்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகு கேட்பது தாமதம்.

படி 4: மானம் போகாத வாசல்

பின்வாங்க மனம் இருந்தும், பின்வாங்கினால் "பயந்தாங்கொள்ளி" என்ற பேர் வரும் என்பதால்தான் பலர் முன்னே போகிறார்கள். அவன் வெளியே போய்ச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. சேர்ந்து யோசித்து, அவன் வாயில் வருகிற சொல்லாக ஆக்க வேண்டும். எங்கள் கணிப்பில் நன்றாக வேலை செய்பவை மூன்று வகை.

ஒன்று, பெரியவர் முகத்துக்காக. "மாமா வந்து கேட்டாரு, அவர் முகத்துக்காக விட்டேன்." இதில் அவன் தோற்கவில்லை, மரியாதை கொடுத்திருக்கிறான். அதனால்தான் அந்த மாமா தெருவில் எல்லோரும் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

இரண்டு, பெரிய காரியத்துக்காக. "சீசன் முடியற வரைக்கும் கோச் எதுலயும் மாட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இவனுக்காக அதை விட மாட்டேன்." படி 2இல் கேட்ட 'காலை 10 மணி' இங்கே உதவும்.

மூன்று, பழியை வீட்டின் மேல் போடுவது. "எங்கம்மா என்னை வெளிய விடறதில்ல." சிறு வயதுப் பிள்ளைகளுக்கு இது போதும். பெற்றோர் இந்தக் கெட்ட பேரைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாக்கியம் கிடைத்ததும் ஐந்தாறு முறை சொல்லிப் பார்க்க வையுங்கள். நீங்கள் எதிராளியின் நண்பனாக நடித்து, "அப்போ பயந்துட்டியா?" என்று குத்திக் கேளுங்கள். உங்கள் முன் திணறினால் பரவாயில்லை. தெருவில் திணறினால்தான் கை இடுப்புக்குப் போகும்.

படி 5: போன்

இப்போது பாதிச் சண்டை திரையில்தான் நடக்கிறது, அதுவும் 300 பேர் பார்க்க. வழி எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

மிரட்டல் வந்திருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களிடம் வையுங்கள். அவன் போனில் இருந்தால் ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு பதில் போடாமல் அந்தக் கணக்கை மியூட் செய்யுங்கள். பிளாக் செய்தால் எதிராளிக்கு அது தெரிந்து, அதையே ஒரு ஸ்டோரியாகப் போடுவான். ஸ்னாப்சாட்டில் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஸ்னாப் மேப்பில், அதை மறைக்கும் கோஸ்ட் மோடை இயக்குங்கள், மற்ற செயலிகளிலும் இருப்பிடத்தை நிறுத்துங்கள். சண்டை ஓயும் வரை லைவ் வேண்டவே வேண்டாம். பின்னணியில் தெரியும் கடைப் பலகை ஒன்று போதும், ஆள் எங்கே என்று தெரிந்துவிடும்.

இரு தரப்பும் பழைய பதிவுகளை நீக்கச் சம்மதித்தால் ஒரே நேரத்தில் நீக்க வையுங்கள், உதாரணமாக இரவு 8 மணிக்கு. ஒருவன் முதலில் நீக்கினால் "பயந்துட்டான்" என்று அடுத்த பதிவு வரும். "நாங்க சமாதானமாயிட்டோம்" என்று பதிவு போடச் சொல்லாதீர்கள். கீழே வரும் கமெண்டுகளே அடுத்த சண்டையை ஆரம்பித்துவிடும்.

படி 6: இரண்டு பக்கமும் தனித்தனியாக, பிறகு தேவைப்பட்டால் நேரில்

பெரும்பாலான சண்டைகளுக்கு நேருக்கு நேர் சந்திப்பே தேவையில்லை. நடுவர் அங்கும் இங்கும் இரண்டு மூன்று முறை போய்வந்தாலே முடியும். அதில் இரண்டு விதி. அவன் சொன்ன வசவை இவனிடம் கொண்டுபோகாதீர்கள். "கையில கிடைச்சான்னா பார்" என்று அங்கே கேட்டது, இங்கே "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சது அவனை ரொம்பப் பாதிச்சிருக்கு" என்று வர வேண்டும். ஆனால் சொல்லாததைச் சொன்னதாகப் பொய் சொல்லாதீர்கள். "அவன் மன்னிப்புக் கேட்டான்" என்று நீங்களே கட்டிவிட்டது ஒரே வாரத்தில் வெளிப்படும். இரண்டாவது, ஒருவன் எங்கே தங்கியிருக்கிறான் என்பது மற்றவன் காதுக்குப் போகவே கூடாது.

நேரில் உட்கார வைப்பதானால், இவை அனைத்தும் இருந்தால் மட்டும்: இருவரும் தாங்களே சரி என்று சொல்லியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு நாளாகப் புதுப் பதிவு, புது மிரட்டல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், ஆயுதம் இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும். பொது நூலக அறை, தேவாலயக் கூடம் என்று இருவர் தெருவுமல்லாத இடம், முடிந்தால் இரண்டு வாசலுள்ள இடம். ஆளுக்கு ஒரு பெரியவர் மட்டும், நண்பர்கள் கூடாது. 15 நிமிட இடைவெளியில் வரட்டும், அதே இடைவெளியில் போகட்டும். போன்கள் ஒரு பையில். இருவர் முதுகும் வாசலைப் பார்க்காதபடி நாற்காலியைப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் அவன் பேச்சைக் கவனிக்க மாட்டான்.

40 நிமிடம் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம், குறுக்கீடு இல்லாமல். ஒருவன் சொன்னதை மற்றவன் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேட்டதைக் காட்டினால் போதும். அப்புறம் இருவருக்கும் ஒரே கேள்வி: "இது இத்தோட முடியணும்னா உனக்கு என்ன வேணும்?" பதில் அநேகமாகச் சின்னதாக இருக்கும். வீடியோவை எடுத்துவிட வேண்டும், 40 டாலர் திரும்ப வேண்டும், தங்கையின் பேரை இழுக்கக் கூடாது.

கைகொடுத்துக் கட்டிப்பிடிக்க வைக்க ஆசைப்படாதீர்கள். அவர்கள் நண்பர்களாக வேண்டியதில்லை. ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்க முடிந்தால் போதும். ஒப்பந்தம் கண்ணுக்குத் தெரிகிற காரியங்களாக இருக்கட்டும்: எந்த நிறுத்தத்தில் யார், உணவறையில் எந்தப் பக்கம், நண்பர்களிடம் யார் சொல்வது, யாராவது கேட்டால் என்ன சொல்வது, மறுபடி ஏதாவது நடந்தால் முதல் போன் யாருக்கு. "மரியாதையா நடந்துக்கணும்" என்பது ஒப்பந்தமல்ல. ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்குள் நடக்கும் சமரசத்தை எழுதி வைக்கலாம். தெருச் சண்டையை எழுத வேண்டாம். பேரும் கையெழுத்தும் உள்ள தாளை யாராவது போட்டோ எடுத்துப் பரப்புவார்கள்.

நீங்கள் கையில் எடுக்கக் கூடாதவை

காதலித்தவர்களுக்கு இடையில் அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்தால் சமரசம் பேசவே கூடாது. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது, அடிபட்டவரை அடித்தவரிடம் மறுபடி ஒப்படைப்பது. பிரிந்த உடனே வரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. பதின்ம வயதினருக்கான லவ் இஸ் ரெஸ்பெக்ட் உதவி எண்: 1-866-331-9474.

போதைப்பொருள் கடன், கும்பல் பகை, ஏற்கெனவே குண்டு பாய்ந்த சண்டை: இவற்றை அனுபவமுள்ள வன்முறைத் தடுப்புக் குழுவினரிடம் விடுங்கள். நல்ல மனம் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் போனவர் மூன்றாவது இலக்காகிவிடுவார்.

ஆள், இடம், நேரம் மூன்றையும் சொல்லி மிரட்டுகிறான், துப்பாக்கியும் கையில் இருக்கிறது என்றால் அது அவசரநிலை, 911. அந்த அளவு உடனடி இல்லை, ஆனால் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்றால், 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ஆணை வாங்கலாம். பல மாநிலங்களில் குடும்பத்தினரே மனுப் போடலாம். நியூயார்க்கில் பள்ளி முதல்வரும் போடலாம்.

அடுத்த 30 நாள்

சமரசம் ஆன அன்றைக்கே வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 14ஆம் நாள், 30ஆம் நாள் இரு தரப்பையும் கூப்பிடுங்கள். "எல்லாம் ஓகேவா?" என்றால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் அவனைப் பார்த்தியா? என்ன ஆச்சு? யாராவது உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். நாள்காட்டியில் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளி மறுபடி திறக்கும் நாள், இருவரும் போகக்கூடிய விருந்து, இறந்த நண்பன் யாராவது இருந்தால் அவன் பிறந்த நாள், அவன் இறந்த நாள். அணைந்தது போலிருக்கும் நெருப்பு அந்த நாட்களில்தான் புகையும்.

வெறும் கண்காணிப்பும் போதாது, நேரத்தை நிரப்ப வேண்டும். கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் துப்பாக்கி வன்முறையைக் குறைக்க 2007இல் தனி அலுவலகம் தொடங்கி, பிறகு அதிக ஆபத்தில் இருந்த இளைஞர்களை 18 மாதம் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை நடத்தியது. தினமும் பேச ஓர் ஆள், எழுதிவைத்த வாழ்க்கை இலக்கு, முன்னேறினால் மாத உதவித்தொகை, ஊரைவிட்டு வெளியே பயணம். உங்களால் அவ்வளவு முடியாது. சனிக்கிழமை இரவு 8 முதல் 12 வரை அவன் எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒரு நல்ல பதிலை உண்டாக்க முடியும்.

சண்டை இல்லாத நாளில்

சிகாகோவில் பிகமிங் எ மேன் என்ற பள்ளித் திட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுப்பார்கள். மற்றவனுக்கு ஒரே கட்டளை: "30 நொடி. அவன் கைக்குள்ள இருக்கிற பந்தை எடு." உடனே இழுபறி தொடங்கும், விரலைப் பிரிப்பார்கள், கையை முறுக்குவார்கள், தரையில் உருளுவார்கள். நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "யாராவது பந்தைக் கொடுன்னு கேட்டீங்களா?" அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் கொடுத்திருக்கவா போகிறான் என்பார்கள். பந்தை வைத்திருந்தவனிடம் திரும்பினால், வெறும் பந்துதானே, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பான்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து இரண்டு ஆய்வுகளில் அளந்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தன. முதல் ஆய்வில், திட்டம் முடிந்தபின் கைது விஷயத்தில் அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஒரு முறை செய்துவிட்டு விடுகிற விஷயமல்ல இது.

உங்கள் வகுப்பிலோ அணியிலோ இதைச் செய்ய ஒரு டென்னிஸ் பந்தும் 30 நிமிடமும் போதும். 30 நொடிப் பயிற்சி, 10 நிமிடப் பேச்சு, மீதி நேரத்தில் நிஜமான சூழ்நிலைகள்: ஷூவை மிதித்தான், லைவில் பேர் சொன்னான், தங்கையைப் பற்றிப் பேசினான். ஒவ்வொன்றிலும் "அவன் மனசுல என்ன ஓடியிருக்கும்? மூணு காரணம் சொல்லு" என்று கேளுங்கள். முதல் காரணம் எப்போதும் "என்னைக் கேவலப்படுத்தத்தான்" என்று வரும். அதைத் தள்ளிவிடாமல் எழுதிக்கொண்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் அவன் தானே யோசித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். ஒவ்வொரு வாரமும் வேறு ஜோடி, வேறு சூழ்நிலை. பந்து அடுத்த முறை மற்றவன் கையில்.